ஜாங்கோ 1.11-லிருந்து 5.2 வரை: பழைய நூற்பட்டியல் தளம் ஒன்றை ஏற்றிய பதிவு

தளம் ஒரு தனியார் நூலகத்தின் நூற்பட்டியல். 2015-ல், பைத்தான் மொழியில் இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற சட்டகத்தின் 1.8 வெளியீட்டில் தொடங்கியது, 1.11 வரை ஏறிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. பைத்தான் 2.7, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் வலைச் சர்வர். எழுதிய நண்பர் வேறு ஊர், வேறு வேலை என்று போய்விட்டார். தளம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் தேடினார்கள், புத்தகம் எடுத்தார்கள், நூலகர் நிர்வாகப் பக்கத்தில் பதிவு போட்டார். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு முடிந்ததும், அதே ஆண்டு ஏப்ரலில் ஜாங்கோ 1.11-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றதும் அங்கே யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. சர்வரை வாடகைக்குத் தருபவர்கள் பழைய இயங்குதளத்தை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்த பிறகுதான் வேலை என்னிடம் வந்தது.

"பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடு" என்றுதான் கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து வருடம் புழங்கிய நிரலில் யாரும் எழுதி வைக்காத விதிகள் நிறைய இருக்கும். இரவல் தேதி ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தால் திங்களுக்குத் தள்ளு, இந்த வகை உறுப்பினருக்கு அபராதம் வேண்டாம், இப்படி. புதிதாக எழுதினால் அவை ஒவ்வொன்றையும் நூலகர் திட்டும்போதுதான் கண்டுபிடிக்க முடியும். அதைவிட முக்கியமான காரணம், ஜாங்கோக்காரர்கள் பழைய நிரலைக் கைவிடும் விதத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை நம்பி இறங்கலாம்.

ஒழுங்கு இதுதான். 2.0-லிருந்து எட்டு மாதத்துக்கு ஒரு வெளியீடு. பூஜ்யம், ஒன்று, இரண்டு. அப்புறம் முதல் எண் மாறும். இரண்டில் முடிவது நீண்டகால ஆதரவு வெளியீடு, அதற்கு மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் வரும். ஒரு வசதியை எடுக்கப்போகிறார்கள் என்றால் உடனே எடுக்க மாட்டார்கள். முதலில் எச்சரிக்கை, குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு, பிறகுதான் நீக்கம். இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன் என்னவென்றால், 2.2-ல் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் ஓடும் நிரல், நீக்கங்களைப் பொறுத்தவரை, 3.2-லும் ஓடும். 3.2-ல் சுத்தமாக ஓடினால் 4.2-லும். ஆக 1.11, 2.2, 3.2, 4.2, 5.2 என்று ஐந்து படி. நடுவில் உள்ளவற்றில் கால் வைக்கத் தேவையில்லை, அவற்றின் வெளியீட்டுக் குறிப்புகளை மட்டும் படித்தால் போதும். ஆவணத்தில் ஒவ்வொரு வெளியீடாக ஏறச் சொல்லித்தான் அறிவுரை இருக்கிறது. பெரிய தளத்துக்கு அதுதான் சரி. இது சின்னத் தளம்.

பைத்தானையும் சேர்த்து ஏற்ற வேண்டும் என்பதால் முதலில் ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன். பைத்தான் 3.7-ல் ஜாங்கோ 1.11-ன் கடைசிக்கால வெளியீடுகள், 2.2, 3.2 மூன்றும் ஓடும். பைத்தான் 3.10-ல் 3.2, 4.2, 5.2 மூன்றும் ஓடும். அப்படியானால் வழியில் இரண்டே பைத்தான் போதும், மாறும் இடம் 3.2. டாக்கரில் இரண்டு கண்டெய்னர் (தனித்தனி இயங்கு சூழல்கள்) வைத்துக்கொண்டால் முடிந்தது. ஒரே சமயத்தில் பைத்தானையும் ஜாங்கோவையும் மாற்றக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். உடைந்தால் யாரால் உடைந்தது என்று தெரிய வேண்டும்.

சோதனை நிரல் என்று பெரிதாக எதுவும் இல்லை. அதனால் முதல் வேலையாக, தளத்தின் எல்லா முகவரிகளையும் விருந்தினராக ஒருமுறை, உறுப்பினராக ஒருமுறை, நூலகராக ஒருமுறை திறந்து பார்க்கும் சோதனைகளை எழுதினேன். பைத்தான் இயல்பாக இந்த எச்சரிக்கைகளில் பலவற்றைக் காட்டாது, வாயை மூடிக்கொண்டு போய்விடும். அதன் எச்சரிக்கை சுவிட்சைப் போட்டு, ஒவ்வோர் எச்சரிக்கையையும் பிழையாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னால்தான் இந்த முறை வேலை செய்யும்.

பைத்தான் 2-லிருந்து 3-க்குப் போவது பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்த் தரவு வைத்திருந்தவர்களுக்கு 0எக்ஸ்இ0 என்ற பைட்டை மறக்க முடியாது. யூடிஎஃப்-8-ல் (யூனிகோடு எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) எந்தத் தமிழ் எழுத்தும் அந்த பைட்டில்தான் தொடங்கும்; "ஆஸ்கி கோடெக்கால் இதைப் படிக்க முடியவில்லை" என்று பைத்தான் 2 விழும் இடமும் அதுதான். நண்பர் அதைச் சமாளிக்க அங்கங்கே என்கோட், டிகோட் என்று ஒட்டுப் போட்டிருந்தார். பைத்தான் 3-ல் அந்த ஒட்டுகளே பிழைகளாக மாறின. எல்லாவற்றையும் பிய்த்தெடுத்ததும் நிரல் இளைத்துப் போனது, பார்க்கவே நன்றாக இருந்தது. ஒரு பொறி மட்டும் புதிது: பழைய மைக்ரேஷன் கோப்புகளில் (தரவுத்தள அமைப்பில் செய்த மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைப்பவை) தலைப்புச் சொற்கள் பைட் சரங்களாகப் பதிவாகியிருந்தன. பைத்தான் 3 அதைப் பார்த்து "மாடல் மாறிவிட்டது" (மாடல் என்பது தரவின் வடிவத்தை வரையறுக்கும் நிரல்) என்று எண்ணிப் புது மைக்ரேஷன் உருவாக்கப் பார்க்கும். உருவாக்க விடாமல், பழைய கோப்புகளில் உள்ள அந்த 'பி' முன்னொட்டை நீக்குவதுதான் சுத்தமான வழி.

2.2-க்கு வந்ததும் முதல் பிழையே வெளித்தொடர்புப் புலங்களில்தான். ஒரு பதிவு இன்னொன்றைச் சுட்டும்போது, சுட்டப்படுவது நீக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2.0 முதல் நாமே எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் எழுதாவிட்டால் சங்கிலியாக எல்லாவற்றையும் அழிக்கும், அதுதான் இயல்புநிலை. இணையத்தில் எங்கே தேடினாலும் "எல்லா இடத்திலும் கேஸ்கேட் என்று போடு, பழைய மாதிரியே ஓடும்" என்றுதான் பதில் கிடைக்கும். மைக்ரேஷன் கோப்புகளில் அதையே செய்தேன், அது வரலாறு. மாடல்களில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. நூலகருக்கு போன் போட்டு, "சார், ஒரு பதிப்பகத்தை லிஸ்ட்ல இருந்து நீக்கினா அவங்க போட்ட புத்தகமெல்லாம் பட்டியல்ல இருந்து போயிடலாமா?" என்று கேட்டேன்.

"என்ன தம்பி கேள்வி இது? கம்பெனியை மூடிட்டாங்கன்னா நம்ம அலமாரியைக் கொளுத்திடுவோமா?"

ஆனால் பத்து வருடமாகத் தளம் அதைச் செய்யத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தது. யாரும் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை, அவ்வளவே. பதிப்பகம், ஆசிரியர், உறுப்பினர் மூன்றுக்கும் 'நீக்க விடாதே' என்று மாற்றினேன். ஓர் இயல்புநிலையைப் பறித்துவிட்டு "நீயே யோசி" என்று சொல்வது, பயன்படுத்துபவர்களிடம் வசவு வாங்கித் தரும் முடிவு. அந்த வசவை வாங்கத் துணிந்தவர்களுக்கு என் நன்றி.

இதே படியில் இன்னொன்று. போஸ்ட்கிரெஸோடு பேசும் சைகோபிஜி2 நூலகத்தை 2.9-க்கு ஏற்றினால், ஜாங்கோ 2.2 "தரவுத்தள இணைப்பு யூடிசி நேரத்தில் இல்லை" என்று விழும். நேர மண்டலத்தில் கோளாறு என்று தோன்றும், தேடிப் போகாதீர்கள். 2.8-ல் பூட்டி வைத்து, ஜாங்கோ 3.2 வந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

3.2-ல் பெரும்பாலும் துடைக்கும் வேலை. பைத்தான் 2 காலத்துத் துணைக்கருவிகளை 3.0-ல் நீக்கிவிட்டார்கள், டெம்ப்ளேட்டுகளில் (பக்க வார்ப்புகளில்) பழைய ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் வரியை மாற்ற வேண்டும். பைத்தான் கோப்புகளில் உள்ளதைக் கையால் செய்யாதீர்கள். ஆடம் ஜான்சன் எழுதிய ஜாங்கோ-அப்கிரேட் என்ற கருவி இருக்கிறது, எந்த வெளியீட்டுக்கு ஏறுகிறீர்கள் என்று சொன்னால் பைத்தான் கோப்புகளைத் தானே திருத்தித் தரும். முதன்மைத் திறவுகோலின் (ஒவ்வொரு பதிவுக்குமான தனி எண்) வகையைக் குறிப்பிடவில்லை என்று 3.2 எல்லா மாடலுக்கும் எச்சரிக்கை கொட்டும். செட்டிங்ஸில் பழைய வகையையே ஒரு வரியில் குறிப்பிட்டேன், அது இருநூறு கோடிக்கு மேல் தாங்கும், இந்த நூலகத்துக்கு அத்தனை புத்தகம் வரப்போவதில்லை. தரவுத்தளத்தை மாற்றுவதற்கும் இந்தப் படிதான் தோது. 3.2 போஸ்ட்கிரெஸ் 9.6-ஐயும் ஏற்கும், 5.2-க்கோ 14 அல்லது அதற்கு மேல் வேண்டும். இங்கேயே தரவு முழுவதையும் நகலாக (டம்ப்) எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றி, பைத்தானையும் அப்புறம் 3.10-க்கு மாற்றிக்கொண்டேன்.

4.2 என் கணினியில், 5.0-ஐப் பற்றிய சில எச்சரிக்கைகளைத் தவிர, சிக்கலில்லாமல் ஓடியது. சோதனை சர்வரில் ஏற்றியதும் எந்தப் படிவத்தை அனுப்பினாலும் 403, அதாவது 'அனுமதி இல்லை'. காரணம் 4.0-ல் வந்த மாற்றம்: போலிக் கோரிக்கைத் தடுப்பு இப்போது உலாவி அனுப்பும் மூல முகவரியையும் சரிபார்க்கிறது. என்ஜின்எக்ஸ் வெளியே பூட்டுப் போட்ட இணைப்பாக வாங்கி, உள்ளே ஜாங்கோவுக்குச் சாதாரண இணைப்பாகக் கொடுக்கிறது. உலாவி ஹெச்டிடிபிஎஸ் என்கிறது, ஜாங்கோ ஹெச்டிடிபி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. நம்பகமான மூலங்கள் பட்டியலில் முகவரியை ஹெச்டிடிபிஎஸ் முன்னொட்டோடு முழுமையாக எழுத வேண்டும், இதுவும் 4.0 முதல் கட்டாயம். கூடவே, ப்ராக்ஸி அனுப்பும் தலைப்பை நம்பச் சொல்லும் செட்டிங்கையும் போட்டேன். ஆனால் அந்தத் தலைப்பை என்ஜின்எக்ஸ் தானே எழுதுகிறதா, வெளியிலிருந்து வருவதை அப்படியே விடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். விட்டால் யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம்.

5.2-ல் வெளியேறும் இணைப்பு வேலை செய்யவில்லை. அழுத்தினால் 405, அதாவது 'இந்த முறையில் கேட்கக் கூடாது'. பழைய கெட் முறையில் (சாதாரண இணைப்பை அழுத்தி) வெளியேறுவதை 4.1-ல் எச்சரித்து 5.0-ல் எடுத்துவிட்டார்கள், இப்போது போஸ்ட் படிவமாக இருக்க வேண்டும். நியாயமான மாற்றம்தான், எந்தப் பக்கமோ ஒரு படத்தின் முகவரியாக அந்த இணைப்பை வைத்து நம்மை வெளியேற்றிவிட முடியும் என்பது நல்லதல்ல. இதற்கான டிக்கெட் (ஜாங்கோவின் பிழைப் பட்டியலில் ஒரு பதிவு) 2011-ல் திறக்கப்பட்டது. 4.1 வந்தது 2022-ல். ஒரு இணைப்பைப் பொத்தானாக்க அத்தனை வருடமா என்று சிரிப்பு வரலாம். ஆனால் அந்த டிக்கெட்டை வாசித்துப் பார்த்தால், மாற்றம் சரியா என்பதைவிட, ஏற்கெனவே ஓடும் எத்தனையோ தளங்களின் டெம்ப்ளேட்டுகளை எப்படி உடைக்காமல் கொண்டுபோவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது தெரியும். நான் நம்பி இறங்கிய ஒழுங்கு இப்படித்தான் சம்பாதிக்கப்படுகிறது. படிவங்கள் அட்டவணை வரிசைகளுக்குப் பதில் டிவ்களாக வெளிப்பட ஆரம்பித்ததால் (அதுவும் 5.0) தேடல் பெட்டி கோணலாகிப் போனது, சிஎஸ்எஸ்ஸில் கொஞ்ச நேரம் போயிற்று, அவ்வளவுதான்.

வெளியீட்டுக் குறிப்புகளை இப்படி வரிசையாகப் படிக்கும்போது ஒரு சமூகத்தின் கூட்டக் குறிப்பேட்டைப் படிப்பது போலத்தான் இருந்தது. ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், 2003-ல் ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது. 2005 ஜூலையில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். 2014 ஜனவரியில் ஹொலோவாட்டியும் ஜேக்கப் கப்லன்-மாஸும் 'கடைசிச் சொல் எங்களுடையது' என்ற இடத்திலிருந்து தாங்களாகவே இறங்கினார்கள். 2020-ல் 'கோர்' குழு என்ற அமைப்பையே கலைத்தார்கள். இன்றைக்கு டிக்கெட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது, ஒட்டுகளை (பிறர் அனுப்பும் நிரல் திருத்தங்களை) சரிபார்ப்பது, வெளியீட்டை நேரத்துக்குத் தருவது என்ற அன்றாட உழைப்பில் பெரும்பங்கு 'ஃபெலோ' என்ற பெயரில் ஜாங்கோ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரு சிலருடையது. சம்பளம் நன்கொடைப் பணத்திலிருந்து வருகிறது. புதிய வசதி எழுத ஆள் கிடைத்துவிடும். ஆண்ட்ரூ காட்வின் மைக்ரேஷன்களை ஜாங்கோவுக்குள் கொண்டுவர 2013-ல் கிக்ஸ்டார்ட்டரில் (பொதுமக்களிடம் பணம் திரட்டும் தளம்) கேட்டபோது, கேட்டதைவிடப் பல மடங்கு சேர்ந்தது. பழைய டிக்கெட்டை மூட யார் கூட்டம் கூட்டுவார்கள்? அதற்குத்தான் சம்பளத்துக்கு ஆள் வேண்டியிருக்கிறது. எட்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வெளியீடு வருவதை நம்பி என்னைப் போன்றவர்கள் திட்டம் போட முடிகிறதென்றால் அதற்கு முக்கியக் காரணம் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

இனி, ஏற்றத்தோடு சம்பந்தமில்லாத, ஆனால் அதிகம் யோசிக்க வைத்த வேலை. நூல்களின் முகவரிகள்.

தலைப்பிலிருந்து முகவரித் துண்டு செய்யும் ஸ்லக்கிஃபை, இயல்பாக ஆங்கில எழுத்துகளை மட்டுமே விடும். தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் ஓர் எழுத்தும் இல்லாத காலிச் சரம் வரும். 1.9-ல் யூனிகோடை அனுமதிக்கும் சுவிட்ச் வந்தது, நண்பர் அதைப் போட்டிருந்தார். போட்டும் 'தமிழ்' என்பது 'தமழ' என்று வரும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் உதிர்ந்துவிடும். இதற்கு மூலம் ஜாங்கோ அல்ல, பைத்தானின் ரெகெக்ஸ், அதாவது எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமொழி. அதில் 'சொல் எழுத்து' என்பதற்கான குறி எழுத்தையும் எண்ணையும்தான் சேர்க்கும், எழுத்தோடு ஒட்டும் குறிகளைச் சேர்க்காது. ஆங்கிலத்துக்கு நஷ்டமில்லை. தமிழுக்கோ கலை, காலை, கல், கால், கொலை எல்லாம் ஒரே 'கல' ஆகிவிடும். முகவரி தனித்ததாக இருக்க வேண்டும் என்பதால் நண்பர் பின்னால் எண் ஒட்டியிருந்தார்: கல, கல-2, கல-3. ஓவிய நூலும் துப்பறியும் நாவலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இந்த ரெகெக்ஸ் விஷயம் 2011-லேயே பைத்தானின் பிழைப் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. ஜாங்கோவில் மாற்றச் சொல்லிக் கேட்கலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் ஸ்லக்கிஃபையின் விடை மாறினால், அதை நம்பி முகவரி வைத்திருக்கும் எல்லாத் தளங்களிலும் முகவரி மாறும். எந்த ஒழுங்கு எனக்குப் படிகளைப் போட்டுத் தந்ததோ அதே ஒழுங்கு இங்கே குறுக்கே நிற்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சொந்தமாகவே எழுதிக்கொண்டேன்.

எழுதியது சில வரிதான். முதலில் என்எஃப்சி முறைக்கு (ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) மாற்ற வேண்டும்; சில விசைப்பலகைகள் 'கொ'வில் வரும் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாக அனுப்பும், சில எகரக் கொம்பும் காலுமாக இரண்டாக அனுப்பும், கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அப்புறம் ஒவ்வொரு குறியாக எடுத்து, யூனிகோடில் அதன் வகை எழுத்து, ஒட்டுக்குறி, எண் என்றால் வைத்துக்கொள்வது, இடைவெளி என்றால் சிறுகோடு, மற்றதெல்லாம் குப்பை. தேடல் பெட்டியில் வருவதையும் இதே முதல் படியில் செலுத்தினேன்; சில உறுப்பினர்கள் "புத்தகம் அலமாரியில் இருக்கிறது, தளத்தில் கிடைக்கவில்லை" என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். மாடலில் ஸ்லக் புலத்தை வைத்திருக்க முடியாது, அதன் சரிபார்ப்பும் அதே ரெகெக்ஸைத்தான் நம்பியிருக்கிறது, புள்ளியைக் கண்டால் தள்ளிவிடும். சாதாரண எழுத்துப் புலமாக மாற்றினேன். முகவரி வழித்தடத்திலும் ஸ்லக் வகை ஆங்கிலம் மட்டும்தான். சரம் என்ற வகை போட வேண்டும். முன்னால் நூலின் எண்ணையும் வைத்துவிட்டதால் துண்டு தனித்ததாக இருக்க வேண்டிய கட்டாயமும் போயிற்று.

பழைய முகவரிகளை விட்டுவிட முடியாது, பத்து வருடமாக ஆட்கள் பகிர்ந்திருக்கிறார்கள். ஜாங்கோவோடு வரும் ரீடைரெக்ட்ஸ் செயலி இதற்கென்றே இருக்கிறது. ஆனால் அது முகவரியை சதவீதக் குறிகளாக விரித்த வடிவில்தான் ஒப்பிடும், அப்படியேதான் சேமிக்கவும் வேண்டும். ஒரு தமிழ்க் குறி மூன்று பைட், விரித்தால் ஒன்பது எழுத்து. அந்தப் புலத்தின் நீளம் 200. கணக்குப் போட்டால் இருபத்திரண்டு குறிக்கு மேல் தாங்காது, 'தமிழ்' என்பதிலேயே ஐந்து குறி போய்விடும். ஆய்வு நூல்களின் தலைப்பு நீளம் உங்களுக்குத் தெரியாததா? தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளும் சின்ன அட்டவணை ஒன்றையும், 404 வரும்போது அதைப் பார்த்து நிரந்தரமாகத் திருப்பிவிடும் மிடில்வேர் (கோரிக்கைக்கும் பதிலுக்கும் நடுவில் ஓடும் நிரல்) ஒன்றையும் எழுதிச் சேர்த்தேன்.

நிர்வாகப் பக்கத்தைத் தமிழில் வைத்துத் தரச் சொல்லி நூலகர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜாங்கோவின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, மொழிக் குறியீட்டை மாற்றினால் வந்துவிடும். ஆனால் பாதி தமிழ், பாதி ஆங்கிலமாக வரும். தமிழாக்கக் கோப்பில் நிறைய வரிகள் காலி. இதை கிட்ஹப்பில் ஒட்டு அனுப்பிச் சரிசெய்ய முடியாது, டிரான்ஸிஃபெக்ஸ் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் தமிழ்க் குழுவில் சேர்ந்து எழுத வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய வேட்பாளர் பதிப்பு வந்ததும் ஆங்கில வரிகளைப் பூட்டிவிடுவார்கள். அப்போதிலிருந்து வெளியீட்டுத் தேதிக்குள் எழுதினால் அந்த வெளியீட்டிலேயே சேரும். நூலகர் தினமும் பார்க்கும் வரிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டேன். 'சேவ் அண்ட் ஆட் அனதர்' என்ற பொத்தானுக்கு 'சேமித்துவிட்டு அடுத்தது' என்று எழுதினேன். நூலகர் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கு தம்பி, ஆனா 'அடுத்தது'ன்னா இருக்கற பட்டியல்ல அடுத்த புத்தகம்னு நினைச்சுக்குவாங்க" என்றார். 'சேமித்துவிட்டு இன்னொன்று சேர்' என்று மாறியது.

5.2-க்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. பைத்தான் 3.10-ன் ஆயுள் 2026 அக்டோபரோடு முடிவதால் அதை மட்டும் 3.12-க்கு மாற்றியாகிவிட்டது, எதுவும் உடையவில்லை. 6.0-ல் பின்னணி வேலைகளுக்கென்று ஒரு சட்டகம் வந்திருக்கிறது. கெடு தாண்டிய புத்தகங்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் வேலை இப்போது க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் சர்வர் கருவி) ஓடுகிறது, அதை அங்கே மாற்றலாமா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் மொழிபெயர்ப்பில் மிச்சமிருக்கும் வரிகள். சரிபார்க்க இன்னொரு கண் இருந்தால் நல்லது.